கையில் ஏறிய விளக்குக் கரி

காலணிகளை மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு நானும் மகளும் வரவேற்பு மேசைக்குப் போனோம். ஒசாகாவுக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு வெந்நீர்க் குளியலிடம் அது. மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். துண்டு வாங்க நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்க வந்த துண்டை அப்படியே நிறுத்திக்கொண்டாள். இரண்டு முன்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வைத்துக் காட்டினாள். அந்த ஊரில் அதற்குக் ‘கூடாது’ என்று பொருள்.

மகள் ஜப்பானிய மொழியில் ஏதோ எடுத்துச் சொன்னாள். அந்தப் பெண் இடுப்பை வளைத்து மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். பிறகு உள்ளே போய், உள்ளங்கை அளவுக்குத் தோல்நிற ஒட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கைமேல் வைத்துப் பார்த்தாள். போதவில்லை. என் இடது கையில் மணிக்கட்டில் தொடங்கி முழங்கைக்குச் சற்று முன்பு வரை கோலம் போகிறது. ஒட்டுக்கு வெளியே ஒரு புள்ளி தெரிந்தாலும் அனுமதி இல்லையாம்.

“என்னடி சொல்றா?”

“பச்சை குத்தியிருந்தா உள்ள விட மாட்டாங்களாம்மா. இங்க ரௌடிக் கும்பல்காரங்க குத்திக்குவாங்க, அதனால வச்ச விதி. இவ என்ன பண்ணுவா பாவம்.”

அந்தப் பெண்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த கையை ஒருத்தி பார்த்துப் பயந்தாள் என்பது அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை.

அந்தக் கோலம் என் கையில் ஏறியது 1971இல். எனக்கு ஒன்பது வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அறுவடை முடிந்த கையோடு பச்சை குத்தும் குறத்தி வருவார். மஞ்சளையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிய விட்டு, மேலே கவிழ்த்த சட்டியில் படிகிற கரியைச் சுரண்டி எடுத்துத் தண்ணீரில் குழைப்பார். அதுதான் மை. நாலைந்து ஊசிகளை நூலால் கட்டி வைத்திருப்பார். வலி தெரியாமல் இருக்க அவர் பாடிக்கொண்டே குத்த, அம்மா என் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கூலி ஒரு மரக்கால் நெல்லும் ஒரு பழைய சேலையும்.

“நகை நட்டெல்லாம் கழட்டிக்குவாங்க. இதை யாரு கழட்ட முடியும்? சுடுகாடு வரைக்கும் கூட வரும்” என்றாள் அம்மா. அவள் கையிலும் இருந்தது, பாட்டி கையிலும் இருந்தது.

பத்து வருடம் கழித்துக் கல்லூரிக்குப் போனபோது அந்தக் கோலத்தை நான் மறைக்கத் தொடங்கினேன். விடுதியில் ஒருத்தி “எந்தப் பட்டிக்காடு?” என்று கேட்டாள். அதற்குள் அடங்கியிருந்த இன்னொரு கேள்வி, எந்தச் சாதி என்பது, எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து முழுக்கை ரவிக்கை. கல்யாணப் புகைப்படத்திலும் இடது கை முந்தானைக்குள் இருக்கும். ஆக, கையை மறைப்பது எனக்குப் புதிதல்ல. மகளிடம் சொல்லி, குளியலிடத்தில் என்னைத் தடுத்த விதி எங்கிருந்து வந்தது என்று தேட வைத்தேன். அவளும் அவள் அலுவலக நண்பர்களும் சொன்னதும், பிறகு நானாகப் படித்ததுமாக ஒரு நீண்ட கதை சேர்ந்தது.

ஜப்பானிய மொழியில் இதை ‘இரெசுமி’ என்கிறார்கள். அதை எழுதும் முறைகளில் ஒன்றில் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. முதலாவதற்குக் குத்துதல் என்று பொருள். இரண்டாவது ‘ஆவோ’ என்ற நிறம். நீலத்துக்கும் பச்சைக்கும் சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் பழைய பெயர். மகள் இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது எனக்குச் சிலிர்த்தது. நாம் சொல்கிற ‘பச்சை குத்துதல்’ அப்படியே அங்கே இருக்கிறது. காரணமும் ஒன்றுதான். அவர்கள் மையும் விளக்குக் கரிதான். நாரா நகரில் எண்ணெய் விளக்கின் புகையைப் பிடித்துப் பசையோடு சேர்த்துக் கட்டியாக்குகிறார்கள். கறுப்பாக உள்ளே போகிற கரி, தோலுக்கு அடியில் தங்கியபின் பச்சையாகவோ நீலமாகவோ வெளியே தெரிகிறது. மன்னார்குடியிலும் நாராவிலும் தோல் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது.

அந்தக் கரிக்கு அரசாங்கம் முதலில் கொடுத்த வேலை தண்டனை. 1720இல் தோகுகாவா ஆட்சி, மூக்கையும் காதையும் அறுக்கிற பழைய தண்டனைக்குப் பதிலாகத் திருடர்களின் கையில் பட்டை பட்டையாகக் கோடு குத்தும் முறையைக் கொண்டுவந்தது. சில சிற்றரசுகளில் நெற்றியிலேயே குத்தினார்கள். தண்டனை முடிந்தாலும் அடையாளம் போகாது. வேலை கிடைக்காது, பெண் கிடைக்காது. அதே காலத்தில் இன்னொரு ஓட்டமும் இருந்தது. 1827இல் ஓவியர் குனியோஷி, சீன நாவல் ஒன்றின் நூற்றெட்டு வீரர்களை மரக்கட்டை அச்சில் வரையத் தொடங்கினார். அவர்களில் பலருடைய உடல் முழுக்க டிராகனும் பூவும். படங்கள் இன்றைய தோக்கியோவான எடோ நகரில் பெரும் வரவேற்புப் பெற்றன. தீயணைப்பு வீரர்கள், பல்லக்குத் தூக்கிகள், தச்சர்கள் என்று உடம்பால் உழைத்தவர்கள் அந்தப் படங்களைத் தங்கள் முதுகில் ஏற்றிக்கொண்டார்கள். எரிகிற கூரைமேல் ஏறுகிறவன், நீரில் வாழும் டிராகனை முதுகில் சுமந்துகொண்டு ஏறினான். அதைத் தண்டனையோடு குழப்பாமல் இருக்கத்தான் ‘ஹொரிமோனோ’, செதுக்கியது, என்று வேறு பெயர் சொன்னார்கள்.

பிறகு மேஜி ஆட்சி வந்தது. மேற்கு நாட்டவர் பார்த்தால் நம்மைக் காட்டுமிராண்டி என்பார்களே என்ற அச்சம் அந்த ஆட்சிக்கு இருந்தது. 1872இல் தோக்கியோவில் பச்சை குத்துவது குற்றமானது. ஆனால் அந்த மேற்கு நாட்டவரே கப்பலில் வந்து இறங்கிப் பச்சை குத்திக்கொண்டு போனார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1881இல் ஜப்பானுக்கு வந்தபோது கையில் டிராகன் குத்திக்கொண்டார். ருஷ்யாவின் கடைசி ஜார் நிக்கோலஸ், பட்டத்துக்கு வருமுன் 1891இல் நாகசாகியில் குத்திக்கொண்டார். எந்தக் கண்களுக்குப் பயந்து தடை போட்டார்களோ அந்தக் கண்கள் அதை விரும்பின. தடை என்னவோ 1948 வரை உள்ளூர்க்காரர்கள் மேலேயே கிடந்தது.

தடை இருந்த காலத்தில் ஒளித்துக் குத்தியவர்கள் ஒளித்தே காட்டினார்கள். அது நிழல் உலகத்தின் அடையாளமாக மாறியது அப்படித்தான். 1960களில் வந்த யாகுசா, அதாவது ரௌடிக் கும்பல், திரைப்படங்களில் கதாநாயகன் கடைசிக் காட்சியில் சட்டையைக் கழற்றினால் முதுகு முழுக்கப் பச்சை. 1980களில் பெரிய குளியல் வளாகங்கள் பெருகியபோது, கும்பல்காரர்களை வெளியே நிறுத்த எளிய வழியாக, பச்சை குத்தியவர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை மாட்டினார்கள். ஆளைப் பார்த்து மறுப்பதைவிடத் தோலைப் பார்த்து மறுப்பது சுலபம்.

2015இல் ஜப்பான் சுற்றுலா முகமை எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. பதில் சொன்ன ஏறத்தாழ 600 குளியலிடங்கள், விடுதிகளில் 56 சதவீதம் அப்போது பச்சை குத்தியவர்களைச் சேர்க்கவில்லை. 31 சதவீதம் சேர்த்தன. 13 சதவீதம் மறைத்துக்கொண்டால் சரி என்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பச்சை இருப்பது மட்டுமே பொதுக் குளியல் சட்டப்படி மறுக்கக் காரணமாகாது என்று 2017இல் அரசே நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு எழுத்தில் பதில் கொடுத்தது. ஆனாலும் பலகைகள் பல இடங்களில் அப்படியே இருக்கின்றன.

அந்தப் பலகை மறுத்தவர்களில் ஒருவரைப் பற்றி அறிந்தபோது என் வருத்தம் சிறியது என்று தோன்றியது. 2013இல் நியூசிலாந்திலிருந்து ஒரு மாவோரி மூதாட்டி ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்கு வந்தார். பழங்குடி மொழிகளைக் காப்பதற்கான மாநாட்டுக்கு விருந்தினராக வந்தவர். முகத்தில் அவர் குலத்து ‘மோகோ’. அது வம்சாவளியைச் சொல்லும் எழுத்து. குளியலிடத்தில் அவரைச் சேர்க்கவில்லை. அந்த ஹொக்கைடோ யார் மண்? ஐனு மக்களின் மண். பூர்ச்ச மரப்பட்டையை எரித்த கரியால் ஐனுப் பெண்கள் உதட்டைச் சுற்றிக் குத்திக்கொள்வார்கள். சிறுமியாக இருக்கும்போது தொடங்கிக் கல்யாணத்துக்குள் முடிப்பார்கள். 1871இல் ஜப்பானிய அரசு அதைத் தடை செய்தது. அந்த மண்ணில், அதே காரணத்துக்காக, இன்னொரு பழங்குடிப் பெண் வாசலில் நிறுத்தப்பட்டார். அவருடைய நாட்டிலோ 2020இல் மோவாயில் மோகோ உள்ள நனையா மஹுதா வெளியுறவு அமைச்சரானார்.

மகளுக்கு என் மனம் தெரியும். “வாம்மா, உன்னை ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று வடக்கே ரயில் ஏற்றினாள். ரயிலின் பெயர் கொனோதொரி, அதாவது நாரை. இரண்டே முக்கால் மணி நேரம். இறங்கிய ஊர் கினோசாகி.

அந்த ஊரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். காயம்பட்ட நாரை ஒன்று வெந்நீர் ஊற்றில் நின்று குணமானதைப் பார்த்து ஊரார் ஊற்றைக் கண்டார்கள் என்பது ஊர்க்கதை. தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் பிரார்த்தனை செய்து ஊற்று வரவழைத்தார் என்பது இன்னொன்று. ஊர் நடுவே வாய்க்கால் அளவுக்கு ஓர் ஆறு, இரு கரையிலும் கிளை தொங்கும் வில்லோ மரங்கள், வளைந்த கல்பாலங்கள். 1925 நிலநடுக்கத்தில் இடிந்தும் எரிந்தும் போன ஊர் இது. திரும்பக் கட்டியபோதும் ஊருக்குப் பொதுவான குளியற்கூடங்களை விட்டுக்கொடுக்கவில்லை. ஊரே ஒரு வீடு என்று சொல்லிக்கொள்கிறார்கள். ரயில் நிலையம் வாசல், தெரு தாழ்வாரம், விடுதிகள் அறைகள், பொதுக் குளியற்கூடங்கள் வீட்டின் குளியலறை. மாலையானால் தங்க வந்தவர்கள் எல்லாரும் விடுதி கொடுத்த யுகாதா அங்கியும் மரச்செருப்பும் போட்டுக்கொண்டு, கையில் துண்டுக்கூடையோடு கூடம் கூடமாக நடக்கிறார்கள். கல்தெருவில் மரச்செருப்புச் சத்தம் இரவு பத்து மணிக்கும் கேட்டது.

அந்தப் பொதுக் கூடங்களில் எதிலும் பச்சை குத்தியவர்களைத் தடுப்பதில்லை.

முதல் கூடத்தின் வாசலில் என் கால் தயங்கியது. உள்ளே சீட்டு வாங்குகிற அம்மாள் என் கையைப் பார்த்தார். சீட்டை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அவ்வளவுதான். உள்ளே பதினைந்து பெண்கள் இருந்தோம். நம் ஊரில் ஆற்றில் குளிக்கும்போதுகூடப் பாவாடையை மார்பில் கட்டிக்கொள்கிறவர்கள் நாம்; அங்கே துணி இல்லாமல் இறங்க வேண்டும். எனக்கு அந்தக் கூச்சம் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. ஏனென்றால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சிறிய முக்காலியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். எனக்குப் பக்கத்து முக்காலியில் ஓர் இளம் தாய், நாலு வயது மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முதுகில் தோள்முதல் இடுப்புவரை பியோனிப் பூக்கள். குழந்தை கண்ணில் நுரை போய்விட்டதென்று அழுதது. தாய் அதன் முகத்தைத் துடைத்து, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். அந்தப் பூக்களின் மேல் குழந்தையின் ஈரக் கை பதிந்திருந்தது.

வெந்நீரில் என் கையை நீட்டி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்தேன். கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அந்தக் கை பிறர் நடுவே அப்படித் திறந்து கிடந்ததில்லை.

மாற்றம் மெல்ல வருகிறது என்பதை மறைக்கக் கூடாது. 2019 ரக்பி உலகக் கோப்பைக்குப் பசிபிக் தீவு வீரர்கள் வந்தபோது, பெப்பு நகரம் பச்சை குத்தியவர்களை வரவேற்கும் 100 குளியலிடங்களின் பட்டியலை வெளியிட்டது. ஒசாகாவில் ஒரு பச்சைக் கலைஞருக்கு, மருத்துவர் உரிமம் இல்லாமல் ஊசி குத்தினார் என்று 2017இல் 1,50,000 யென் அபராதம் விதித்தது கீழ்நீதிமன்றம். அவர் விடவில்லை. 2018இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. பச்சை குத்துவது மருத்துவம் அல்ல என்று அந்த நாடு சட்டத்தில் ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆனது.

ஒசாகாவுக்குத் திரும்பிய மறுநாள் தென்னோஜி பூங்காப் பக்கம் நடந்தோம். 1903இல் அங்கே பெரிய தேசியப் பொருட்காட்சி நடந்தது. அதன் வாசலுக்கு வெளியே ‘மானிடக் கூடம்’ என்று ஒன்று வைத்து, ஐனு மக்களையும் தைவான் பழங்குடியினரையும் தென்கோடித் தீவுகளான ஒகினாவாவின் இரு பெண்களையும் கொண்டுவந்து உட்கார வைத்துக் கட்டணம் வாங்கிக் காட்டினார்கள். இந்தியர்களும் அந்தக் காட்சியில் இருந்தார்கள். ஒகினாவாவிலிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. ஆனால் அங்கே வெளியான செய்தித்தாள் சொன்ன காரணம் என்னைச் சுட்டது: ஐனுவோடும் தைவான் மலைக்காரர்களோடும் எங்களை ஒன்றாகச் சேர்க்காதீர்கள் என்றது அது. அவமானப்பட்டவர்கள், தம்மைவிடக் கீழே யாரையாவது காட்டித்தான் எழுந்திருக்கப் பார்க்கிறார்கள். கல்லூரி விடுதி அறையில் கையை மறைத்தபோது நானும் அதைத்தான் செய்தேன். எங்கள் ஊர்க் குறத்தியை, என் பாட்டியை, தெரியாதவளாக இருந்தேன்.

அதனால் ஒகினாவாவுக்குப் போயே ஆக வேண்டும் என்று தோன்றியது. விமானத்தில் இரண்டு மணி நேரம். நாஹா நகரில் இறங்கினால் காற்றே நாகப்பட்டினத்துக் காற்று மாதிரி உப்பும் ஈரமுமாக இருக்கிறது. பாகற்காய் விற்கிறார்கள்.

அந்தத் தீவுகளின் பச்சைக்கு ‘ஹாஜிச்சி’ என்று பெயர். பெண்களுக்கு மட்டும் உரியது. விரல்களின் மேல் அம்பு வடிவம், புறங்கையில் வட்டம், சதுரம், மணிக்கட்டில் வேறொன்று என்று தீவுக்குத் தீவு மாறும். மையை அவாமோரி என்ற அரிசிச் சாராயத்தில் குழைப்பார்கள். குத்துகிறவளும் பெண்தான். பெண் வளர்ந்தாள் என்பதற்கும் கல்யாணமானவள் என்பதற்கும் அது அடையாளம். அது இல்லாமல் செத்தால் மறுவுலகில் துன்பப்படுவாள் என்று நம்பினார்கள். என் அம்மா சொன்னது அங்கே அவள் கேட்டிராத மொழியில் இருந்தது.

அந்தத் தீவுகளை ஆண்ட ரியூக்யூ அரசை 1879இல் ஜப்பான் முழுமையாக விழுங்கியது. 1899இல் ஹாஜிச்சிக்குத் தடை. குத்தியவரையும் குத்திக்கொண்டவரையும் போலீஸ் பிடித்தது. பள்ளியில் ஆசிரியர்கள் கையைப் பார்த்தார்கள். வெட்கம் தாங்காமல் அமிலம் வைத்துத் தோலைச் சுட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. ஒளித்துக் குத்திக்கொண்ட பெண்களும் உண்டு. அவர்கள்தான் கடைசித் தலைமுறை.

மகிஷி பொதுச் சந்தையை ஒட்டிய சந்தில் ஊதா நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காசு கொடுக்க நீட்டிய என் கையை அவரும் பார்த்தார். நான் பழக்கத்தில் சேலையை இழுத்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்து, என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துப் பார்த்தார். மகளிடம் பேசினார். அவருடைய கொள்ளுப்பாட்டிக்கு இரு கையிலும் ஹாஜிச்சி இருந்ததாம். வீட்டில் கொள்ளுப்பாட்டியின் புகைப்படங்கள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் கைகளை அங்கியின் கைப்பகுதிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன வடிவம் இருந்தது என்று வீட்டில் இப்போது யாருக்கும் தெரியாது. நடுவிரலில் அம்பு இருந்ததாக மட்டும் அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். பொட்டலம் கட்டும் தாளில் அந்த ஓர் அம்பை வரைந்து காட்டினார்.

2019இல் ஒகினாவா அருங்காட்சியகத்தில் ஹாஜிச்சியையும் தைவான் பழங்குடியினரின் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 1903இல் ‘சேர்க்காதே’ என்று கேட்ட இரண்டையும் ஒகினாவாவே சேர்த்து வைத்தது. இன்று இளம்பெண்கள் சிலர் பழைய வடிவங்களைத் தேடித் தங்கள் விரலில் ஏற்றிக்கொள்கிறார்கள். வடிவங்கள் கிடைப்பது, ஆய்வாளர்கள் கடைசி மூதாட்டிகளின் கைகளை வரைந்து வைத்திருந்ததால்தான். வரையப்படாத கைகள் போய்விட்டன.

அன்றிரவு நாஹா விடுதியில் ஒரு தாளை எடுத்து அம்மாவின் கைக்கோலத்தை வரைந்து பார்த்தேன். என்னுடையதும் அவளுடையதும் ஒன்று என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வரையும்போது சந்தேகம் வந்தது. அவள் கையில் நடுவே ஒரு பூ இருந்ததா? மணிக்கட்டுப் பக்கம் இருந்தது தேளா, வெறும் புள்ளிகளா? அவள் போய்ப் பதினாறு வருடமாகிறது. எங்கள் வீட்டுப் படங்களிலும் அவள் கை முந்தானைக்குள்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டில் பச்சை குத்திய பாட்டி யாராவது இருந்தால், இந்த வாரமே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். சேலையை விலக்கச் சொல்லிக் கையைப் படம் எடுங்கள். எந்த ஊரில், எந்த வயதில், யார் குத்தினார்கள், அந்த வடிவத்துக்கு அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டுப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.